இதய அறுவை சிகிச்சைக்குப் பின்: வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்களும் இதய மறுவாழ்வுப் பயிற்சியும்

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் இரண்டு கேள்விகள் தவறாமல் இருக்கும். "இனி எத்தனை காலம்?" என்பது ஒன்று. "இனி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?" என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இரண்டாம் கேள்விக்கான விடையில் அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். கெடிலம் ஆறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த மீனவ ஊர் இது. இங்குள்ள ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அது பெரும்பாலும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ சென்னையிலோ நடைபெறுகிறது. எல்லாம் நல்லபடியாக இருந்தால், ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. உடல் தேறும் காலமோ வாரக்கணக்கில் நீள்கிறது. அக்காலம் முழுவதும் நோயாளி மருத்துவரின் கண்பார்வையில் இல்லை, உங்கள் கண்பார்வையில்தான் இருக்கிறார்.

புறநோயாளிகள் பிரிவில் இருவகையினரை நாங்கள் அடிக்கடிப் பார்க்கிறோம். ஒரு வகையினர், நெஞ்சைத் திறந்து மூடிய உடம்பு என்று அஞ்சி மூன்று மாதங்கள் கட்டிலை விட்டு இறங்காதவர்கள். இதயம் நன்றாக இருந்தும், தசைகள் மெலிந்து, பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் நிலைக்கு அவர்கள் ஆளாகின்றனர். மற்றொரு வகையினர், வலி குறைந்தவுடன் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணி, ஐந்தாம் வாரத்திலேயே வலை இழுக்கச் சென்றவர்கள், அல்லது மாத்திரைகளை நிறுத்தியவர்கள். இரு வகையினரும் தவறுவது அக்கறையின்மையால் அன்று. சரியான தகவல் அவர்களை உரிய நேரத்தில் வந்தடையவில்லை என்பதே காரணம்.

அறுவை சிகிச்சை எதைச் சரிசெய்கிறது? எதைச் சரிசெய்வதில்லை?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து அடைப்பு ஏற்படும்போது பைபாஸ் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. மார்பின் உட்புறச் சுவரில் உள்ள தமனியையோ, காலிலிருந்து எடுத்த சிரையையோ, கையிலிருந்து எடுத்த தமனியையோ அடைப்புக்கு அப்பால் இணைத்து, இரத்தத்துக்குப் புதிய வழி அமைக்கப்படுகிறது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை 1975ஆம் ஆண்டு சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். அன்று அரிய செயலாக இருந்த இச்சிகிச்சை இன்று தமிழ்நாட்டின் பல மருத்துவமனைகளில் அன்றாடம் நடைபெறுகிறது.

ஒன்றைத் தெளிவாக நினைவிற்கொள்ளுங்கள். பைபாஸ் என்பது புதிய வழி மட்டுமே. பழைய அடைப்பு அங்கேயே இருக்கிறது. அடைப்பை உண்டாக்கிய காரணங்களான சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, புகையிலை ஆகியவையும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தாவிட்டால் புதிய வழியும் நாளடைவில் அடைபடும்.

வால்வு அறுவை சிகிச்சையின் தன்மை வேறு. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வுகள் பழுதடைந்தோர் நம் பகுதியில் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு வால்வு செப்பனிடப்படுகிறது அல்லது மாற்றப்படுகிறது. மாற்று வால்வு இருவகைப்படும். உலோகம், கார்பன் போன்றவற்றால் ஆன இயந்திர வால்வு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை தேவை. விலங்குத் திசுவால் ஆன வால்வுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல அது தேய்ந்துபோகலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா இயந்திர வால்வு 1990ஆம் ஆண்டு முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. குறைந்த செலவில் கிடைக்கும் இந்த உள்நாட்டு வால்வுடன் இன்று வாழ்வோர் பலர்.

பலன்கள் குறித்த உண்மை நிலை

திட்டமிட்டுச் செய்யப்படும் பைபாஸ் அறுவை சிகிச்சையில், நல்ல மையங்களில், நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் முதல் மூவர் வரை உயிரிழக்கும் அபாயம் உண்டு. முதுமை, சிறுநீரகப் பாதிப்பு, இதயத்தின் பம்பு செய்யும் திறன் மிகக் குறைந்திருத்தல், அவசர நிலையில் செய்யப்படுதல் ஆகியவை இந்த அபாயத்தை உயர்த்தும். வீடு திரும்பிய ஒருவர் இந்தக் கடினமான கட்டத்தைப் பெரும்பாலும் கடந்துவிட்டார் என்றே பொருள்.

அடுத்த கேள்வி, இணைத்த நாளங்கள் எத்தனை காலம் திறந்திருக்கும் என்பது. மார்புத் தமனியைக் கொண்டு அமைத்த வழி பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுத்த சிரைகளில் ஏறத்தாழ பாதி அந்தக் காலத்துக்குள் அடைபட்டுவிடுகின்றன. இந்த இரண்டாவது செய்தி அச்சமூட்டுவதற்காகச் சொல்லப்படவில்லை. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, புகையிலையை விடுதல் ஆகிய மூன்றும் அந்தச் சிரைகளைக் காக்கின்றன. ஆகவே அவற்றின் ஆயுள் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது.

இதய மறுவாழ்வு என்றால் என்ன?

இதய மறுவாழ்வு என்பது வெறும் உடற்பயிற்சி அன்று. அளவறிந்த உடற்பயிற்சி, மருந்துகளைத் தவறாமல் உட்கொள்ளல், உணவு மாற்றம், புகையிலையை விடுதல், மன உறுதிக்கான ஆலோசனை, பணிக்குத் திரும்பும் திட்டம் ஆகியவை சேர்ந்த ஒரு தொடர் சிகிச்சை அது. மருத்துவமனையில் படுக்கையில் எழுந்து உட்காருவதிலிருந்தே அது தொடங்குகிறது. இரண்டாம் கட்டம் வீடு திரும்பிய பின் முதல் மூன்று மாதங்கள். மூன்றாம் கட்டம் வாழ்நாள் முழுவதும்.

இதன் பயன் ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட்டுள்ளது. 2021ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இதயத் தமனி நோயுள்ள 23,430 பேர் பங்கேற்ற 85 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தது. உடற்பயிற்சியை உள்ளடக்கிய மறுவாழ்வைப் பெற்றோரிடையே மாரடைப்பும், மருத்துவமனையில் மீண்டும் சேரும் தேவையும், இதய நோயால் நேரும் இறப்பும் குறைந்திருந்தன.

"எங்கள் ஊரில் அத்தகைய மையம் இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்புக்கு ஆளான 3,959 பேரிடம் யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சி சோதிக்கப்பட்டு, அதன் முடிவுகள் 2020இல் வெளியாயின. இறப்பையும் மறு மாரடைப்பையும் அது குறைத்தது என்று உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றோர் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர், முன்பு செய்துவந்த செயல்களுக்கும் கூடுதலாகத் திரும்பினர். விலையுயர்ந்த கருவிகள் இன்றியும் மறுவாழ்வு இயலும் என்பதை இது காட்டுகிறது. எனினும், அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் முதல் மூன்று மாதங்களில் கைகளை ஊன்றி உடல் எடையைத் தாங்கும் ஆசனங்களையும், மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும்.

நெஞ்செலும்பு: முதல் பன்னிரண்டு வாரங்கள்

அறுவை சிகிச்சைக்காக நடு நெஞ்செலும்பு நெடுக்காக அறுக்கப்பட்டு, பின்னர் கம்பிகளால் கட்டப்படுகிறது. எலும்பு ஓரளவு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களும், முழு வலுப் பெறுவதற்கு ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்களும் ஆகும். கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்செலும்பை அவ்வாறு வைக்க இயலாது, நாம் மூச்சுவிடும்போதெல்லாம் அது அசைகிறது. எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• இரண்டு முதல் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்க வேண்டாம். நீர் நிரம்பிய குடம், அரிசி மூட்டை, எரிவாயு உருளை, மீன் கூடை, குழந்தை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.
• அடிகுழாய் அடித்தல், கிணற்றில் நீர் இறைத்தல், அம்மியில் அரைத்தல், விறகு பிளத்தல் ஆகியவற்றைத் தவிருங்கள்.
• படுக்கையிலிருந்து எழும்போது கைகளை ஊன்றி எழாதீர்கள். முதலில் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே இறக்கி, பின்பு எழுங்கள். உதவுவோர் நோயாளியின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முதுகைத் தாங்க வேண்டும்.
• இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.
• முதல் எட்டு வாரங்களுக்கு இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம். அதன் பின்னும் மருத்துவரிடம் கேட்டே ஓட்டுங்கள். பின்னிருக்கையில் அமர்ந்து மேடு பள்ளச் சாலையில் செல்வதையும் தவிருங்கள்.
• மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்குவது நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் சுமை.

மருத்துவமனையில் தந்த மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை வீட்டிலும் தொடருங்கள். நுரையீரலின் அடிப்பகுதி நன்கு விரியவும் சளி சேராதிருக்கவும் அது உதவுகிறது.

சில தொல்லைகள் இயல்பானவை, அஞ்சத் தேவையில்லை. பசியின்மை, நாவில் சுவை மாறுதல், தூக்கக் குறைவு, மார்பின் இடப்புறம் மரத்துப்போதல், தோள்பட்டை வலி, சிரை எடுத்த காலில் மாலை நேர வீக்கம் ஆகியவை சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். உட்கார்ந்திருக்கும்போது காலை உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கும்.

நடைப்பயிற்சி: எவ்வளவு, எங்கே, எப்போது?

நடப்பதே முதன்மையான பயிற்சி. சிக்கல்கள் ஏதுமின்றி வீடு திரும்பியவருக்குப் பொதுவான அளவு கீழே தரப்பட்டுள்ளது. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

• முதல் வாரம்: வீட்டுக்குள்ளும் வாசலிலும், ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை.
• இரண்டாம் வாரம்: பத்து நிமிடம், நாளுக்கு இருமுறை.
• மூன்றாம், நான்காம் வாரம்: பதினைந்து முதல் இருபது நிமிடம், நாளுக்கு இருமுறை.
• ஐந்தாம் வாரம் முதல்: முப்பது நிமிடம் வரை. பின்னர் வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடங்கள் என்பதே இலக்கு.

நடையின் வேகத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நடந்துகொண்டே அருகில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச இயல வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை உயரவிடாமல் தடுப்பதால், அந்த எண்ணிக்கை உங்களைத் தவறாக வழிநடத்தக்கூடும்.

தேவனாம்பட்டினத்தில் இருப்போர் இயல்பாகவே வெள்ளிக் கடற்கரைக்கு நடக்கச் செல்வர். கடற்கரைக்குச் செல்லுங்கள், ஆனால் முதல் இரண்டு மாதங்களுக்கு மணலில் இறங்க வேண்டாம். அதே வேகத்தில் கெட்டியான தரையில் நடப்பதைக் காட்டிலும் மணலில் நடக்க இரு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது. சமமான சாலையில் நடந்துவிட்டு, மணலின் ஓரத்தில் அமர்ந்து காற்று வாங்கித் திரும்புங்கள். காலை ஏழு மணிக்கு முன்போ, வெயில் தாழ்ந்த பின்போ நடப்பது நல்லது. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழிந்த பின்னரே நடங்கள். நீர்ப்போக்கு மாத்திரை உட்கொள்வோருக்குச் சித்திரை, வைகாசி வெயிலில் இரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து மயக்கம் வரலாம்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு, அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நின்று உட்காருங்கள்.

கடல் தொழிலுக்கு எப்போது திரும்பலாம்?

கடலோர நோயாளிகளுக்கு இதுவே மிகப் பெரிய கேள்வி. குடும்பத்தின் அடுப்பு இதை நம்பியே எரிகிறது என்பதை நாங்கள் அறிவோம். அதனால்தான் இதற்குத் தெளிவான விடை தேவை.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். ஏப்ரல் நடுவில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், தடை நீங்கியவுடன் கடலுக்குச் செல்ல விரும்புவார். ஆனால் அன்று அவருக்கு ஒன்பதாவது வாரமே நடக்கும். நெஞ்செலும்பு முழு வலுப் பெற ஜூலை முதல் வாரம் கடக்க வேண்டும். தடைக்காலக் கணக்கும் எலும்பின் கணக்கும் ஒன்றல்ல.

வலை இழுத்தல், படகை மணலிலிருந்து நீருக்குத் தள்ளுதல், ஃபைபர் படகின் இன்ஜினைக் கயிற்றால் சுண்டி இழுத்து இயக்குதல் ஆகியவை நடைப்பயிற்சியைப் போன்றவை அல்ல. மூச்சைப் பிடித்து முழு வலுவைச் செலுத்தும் வேலைகள் அவை. அப்போது இரத்த அழுத்தம் ஒரேயடியாக உயர்கிறது. எனவே மூன்று மாதங்களுக்குப் பின், எக்கோ பரிசோதனையும் மருத்துவர் தேவையெனக் கருதினால் டிரெட்மில் பரிசோதனையும் செய்துகொண்ட பிறகே இவ்வேலைகளைத் தொடங்க வேண்டும். முதலில் கரையில் வலை பின்னுதல், மீன் தரம் பிரித்தல், ஏலக் கணக்குப் பார்த்தல் போன்ற பணிகளில் தொடங்கலாம். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வோரும், இதயத்தின் பம்பு செய்யும் திறன் மிகக் குறைந்தோரும் ஆழ்கடலுக்குச் செல்வது குறித்து மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும். நடுக்கடலில் தலையில் அடிபட்டாலோ நெஞ்சு வலித்தாலோ கரை சேரவே மணிக்கணக்கில் ஆகும்.

மீன் விற்கும் பெண்களுக்கும் இதே விதி பொருந்தும். தலைச்சுமையாகக் கூடை தூக்குவது பன்னிரண்டு வாரங்களுக்குக் கூடாது. பெண்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் விரைவிலேயே வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர், மறுவாழ்வுப் பயிற்சிக்கோ மிகக் குறைவாகவே வருகின்றனர். குடும்பத்தார் இதைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

மருந்துகள்: நிறுத்தக் கூடாதவை

பைபாஸ் செய்துகொண்டோர் ஆஸ்பிரினையும் அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையையும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். "கொழுப்பு அளவு சரியாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்று பலர் கேட்கின்றனர். அளவு சரியாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். இரத்த அழுத்தம் 130/80க்குக் கீழும், கெட்ட கொழுப்பு 70க்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு.

இயந்திர வால்வு பொருத்தப்பட்டோருக்கு வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை உயிர் காக்கும் மருந்து. சில நாள்கள் விட்டாலும் வால்வில் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அல்லது உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம். மருந்து மிகுந்தாலோ இரத்தக் கசிவு ஏற்படும். எனவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கான ஐ.என்.ஆர். இலக்கு எது என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள். கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை, மறு வாரம் அறவே இல்லை என்று மாறுவதுதான் சிக்கல். ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணுங்கள். கருவுற விரும்பும் பெண்களும், மாதவிலக்குத் தள்ளிப்போனோரும் இந்த மாத்திரை குறித்து உடனே மருத்துவரை அணுக வேண்டும். பல் பிடுங்கும் முன் வால்வு பொருத்தப்பட்டதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள்.

உடல்வலிக்காகக் கடையில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கி உண்ணாதீர்கள். அவை சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம், இரத்தக் கசிவையும் கூட்டலாம். நாட்டு மருந்து எதையேனும் உட்கொள்வதாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

உணவு

கடலோர உணவில் நல்லதும் உண்டு, கவனிக்க வேண்டியதும் உண்டு. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ உண்பது இதயத்துக்கு நல்லது. எண்ணெயில் பொரித்தால் அந்த நன்மை குறைகிறது.

கருவாடுதான் கவனிக்க வேண்டியது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சோறும் உப்புக் கருவாடும் ஊறுகாயும் சேர்ந்தால் ஒரே வேளையில் அந்த அளவு கடந்துவிடும். உப்பு மிகுந்தால் உடலில் நீர் தேங்கும், மூச்சுத்திணறல் கூடும். இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைந்தோர் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் விட்டுவிடுவதே நல்லது. அவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இளநீர் எல்லோருக்கும் பொருந்தாது. எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளோருக்கும் அதிலுள்ள பொட்டாசியம் தீங்காகலாம். கேட்டுவிட்டு அருந்துங்கள்.

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை எதுவும் கூடாது. குறைப்பது போதாது, முற்றிலும் விட வேண்டும்.

மனமும் குடும்பமும்

அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். காரணமின்றி அழுகை வருதல், எரிச்சல், "இனி நான் எதற்கும் பயன்படமாட்டேன்" என்ற பேச்சு ஆகியவை பலவீனத்தின் அடையாளங்கள் அல்ல, கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை உண்டு.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று, தாம்பத்திய உறவு பற்றியது. நிறுத்தாமல் இரண்டு மாடிப் படிகளை மூச்சு வாங்காமல் ஏற இயன்றவருக்கு, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின், நெஞ்செலும்பில் அழுத்தம் படாத வகையில், தடையில்லை.

பராமரிப்போருக்கு ஒரு சொல். நோயாளியை ஒரு வேலையும் செய்யவிடாமல் வைத்திருப்பது அன்பின் வெளிப்பாடாகத் தோன்றலாம், ஆனால் அது அவரைத் தளர்த்துகிறது. கூடவே நடந்து செல்லுங்கள். மாத்திரைப் பெட்டியை வாரம் ஒருமுறை நீங்கள் நிரப்புங்கள், வேளைதோறும் எடுத்து உண்பதை அவரிடமே விடுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• ஓய்விலும் நீங்காத நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம்.
• முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் செயலிழத்தல்.
• 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். காயத்தில் சீழ், சிவப்பு, வீக்கம்.
• அசையும்போது நெஞ்செலும்பில் "கிளிக்" என்ற ஓசை அல்லது நழுவும் உணர்வு.
• மூன்று நாள்களில் இரண்டு கிலோ எடை கூடுதல். நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள்.
• ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியுடன் வீக்கம்.
• கறுப்பு மலம், நிற்காத மூக்கு அல்லது ஈறு இரத்தக் கசிவு.
• இயந்திர வால்வின் மெல்லிய ஓசை மங்குதல் அல்லது கேளாமற்போதல்.

மருத்துவர் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால், நெஞ்சு வலி வந்ததும் உட்கார்ந்த நிலையில் அதை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தீராவிட்டால் 108ஐ அழையுங்கள். இருசக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்ல முயலாதீர்கள்.

மழைக்காலத்துக்கு முன்

கடலூர் மாவட்டம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பழகியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோதும், 2015 வெள்ளத்தின்போதும், 2024 ஃபெஞ்சல் புயலின்போதும் சாலைகளும் மின்சாரமும் நாள்கணக்கில் தடைபட்டன. ஆகவே அக்டோபர் தொடங்கும் முன்பே இரண்டு வாரங்களுக்கான மாத்திரைகளைக் கூடுதலாக வாங்கி, மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தின் நகலோடு நீர் புகாத உறையில் வையுங்கள். நிவாரண முகாமுக்குச் செல்ல நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது அந்த உறைதான். ஆவணங்களை ஒளிப்படம் எடுத்துக் குடும்பத்தில் இருவருடைய கைப்பேசிகளில் சேமித்து வையுங்கள்.

அரசின் உதவிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இதய அறுவை சிகிச்சைகள் இதில் அடங்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சையும் இத்திட்டத்தில் உண்டு. உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் அறுவை சிகிச்சை நடந்ததைத் தெரிவியுங்கள்.

நெஞ்சு வலியுடன் வருவோருக்கு முதல் தவணை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தரும் இதயம் காப்போம் திட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. தொடர் கண்காணிப்புக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையையோ, சிதம்பரம் அண்ணாமலைநகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்து இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகச் செயல்படும் மருத்துவமனையையோ அணுகலாம். சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணில் பேசலாம்.

வீடு திரும்பும் நாளில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எனக்கு என்ன அறுவை சிகிச்சை நடந்தது? எத்தனை நாளங்கள், அல்லது எவ்வகை வால்வு?
2. என் இதயத்தின் பம்பு செய்யும் திறன் எத்தனை விழுக்காடு?
3. எந்த மாத்திரை வாழ்நாள் முழுவதும்? எது குறிப்பிட்ட காலம் வரை?
4. என் தொழிலை எந்தத் தேதிக்குப் பின் தொடங்கலாம்?
5. அடுத்த பரிசோதனை எப்போது, எங்கே?
6. அவசரத்தில் யாரை அழைப்பது?

இந்த ஆறு விடைகளையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். அறுவை சிகிச்சை நிபுணர் தம் பணியைச் செய்து முடித்துவிட்டார். எஞ்சிய பணி நாள்தோறும் சில மாத்திரைகளும், சற்றுக் குறைந்த உப்பும், முப்பது நிமிட நடையும்தான். அதைத் தவறாமல் செய்தவர்கள் மீண்டும் தம் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் திரும்பியதை நாங்கள் தொடர்ந்து பார்த்துவருகிறோம்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. உங்கள் உடல்நிலைக்கேற்ற அறிவுரையை உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் பெறுங்கள்.